உவர்மலைக் கூரையில் ஒரு கணக்கு

திருகோணமலைக்குப் போகிறவர்கள் மூன்று இடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவது வழக்கம்: சுவாமி மலையிலுள்ள கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், நிலாவெளிக் கடற்கரை. இம்மூன்றையும் நாம் முன்பு பலமுறை கண்டிருக்கிறோம். இம்முறை நாம் அங்கே சென்றது ஒரு வீட்டுக் கூரையைப் பார்ப்பதற்காக என்று சொன்னால் வாசகர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் உண்மை அதுவே.

நம் சிற்றன்னையின் மகள் அந்நகரில் உவர்மலையிலே குடியிருக்கிறாள். கணவர் துறைமுகப் பக்கத்துத் தொழிலகம் ஒன்றில் எழுதுவினைஞர். அவள் வீட்டிலிருந்தபடியே தையல் வேலை செய்கிறாள். மகன் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். சென்ற மாதம் தொலைபேசியில் அவள் சொன்னாள்: "அண்ணா, கூரையில் சோலார் பூட்டுவதென்று இவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். மூன்று இடத்தில் விலை கேட்டோம். மூன்றும் மூன்று விதமாய் இருக்கின்றன. வங்கிக் கடனுக்கு என் நகையைப் பிணை வைக்க வேண்டும் என்கிறார்கள். அது பிள்ளையின் படிப்புக்கென்று வைத்த நகை. நீங்கள் ஒருமுறை வந்து கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும்."

தங்கையின் குரலில் இருந்த கலக்கம் நம்மைப் புறப்படச் செய்தது.

கந்தளாயைக் கடந்து, தம்பலகாமத்து வயல்வெளிகளைப் பின்னே விட்டு, பஸ் வண்டி சீனன்குடாவை நெருங்கியதும் காற்றிலே உப்பு மணந்தது. அடுத்த சில நிமிடங்களில் மலைகளும் காடுகளும் கைகோத்து நின்று காக்கும் அந்தப் பெரிய நீர்ப்பரப்பு கண்ணுக்குத் தெரிந்தது. இயற்கை அமைத்த துறைமுகங்களில் உலகப் புகழ் பெற்றவற்றுள் ஒன்று இது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகிய நால்வரும் இதன்மீது கண் வைத்ததற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. ஒருமுறை கண்டாலே போதும்.

சீனன்குடாவின் மரச்செறிவினுள்ளே ஆங்கிலேயர் எழுப்பிய எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. தொண்ணூற்றொன்பது தாங்கிகள் எனக் கணக்குச் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில், 1942 ஏப்ரல் 9 அன்று, ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கின. அவற்றுள் ஒன்று எண்ணெய்த் தாங்கியொன்றின்மீது வீழ்ந்தது. மூண்ட தீ நாட்கணக்கில் எரிந்தது. போர் முடிந்து, ஆங்கிலக் கடற்படையும் விடைபெற்றுச் சென்று, பல தாங்கிகள் காடு மண்டிக் கிடந்தன. 2022 ஜனவரியில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி அவற்றுள் 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், மீதி 61 இருவரும் சேர்ந்து நடத்தும் கம்பனிக்கும் என்று பிரிக்கப்பட்டன.

இத்தனை எரிபொருளைத் தேக்கி வைக்கவல்ல ஊரிலே, 2022 ஆம் ஆண்டில் மக்கள் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றார்கள். இலங்கையின் பொருளாதாரம் சரிந்த அவ்வாண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை நீண்டது. நம் மைத்துனர் மனத்திலே சோலார் ஆசை வேரூன்றியது அப்போதுதான்.

"மச்சான், அந்த நாளில் பிள்ளை மெழுகுதிரி வெளிச்சத்தில் படித்ததை நான் மறக்கவில்லை. இனி என் வீடு இருட்டில் இருக்கக்கூடாது" என்று, நாம் போய்ச் சேர்ந்து தேநீர் அருந்துமுன்னரே அவர் சொன்னார்.

தந்தையொருவரின் இந்த ஆசையில் குற்றம் காண யாரால் முடியும்? ஆனால் ஆசையையும் விலைப்பட்டியலையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பதற்கே நாம் வந்திருந்தோம்.

மாலை வெயில் தாழ்ந்ததும் ஏணி வைத்துக் கூரையில் ஏறினோம். உவர்மலைச் சரிவில் நின்றபடி உள்துறைமுகம் முழுவதையும் பார்க்கலாம். தொலைவில் மாவாலையின் உயர்ந்த கட்டடங்களும், நங்கூரமிட்ட கப்பல்களும் தெரிந்தன. கீழே தெருவில் இரண்டு புள்ளிமான்கள் யாரையும் சட்டை செய்யாமல் வேலியோரத்துப் புல்லை மேய்ந்துகொண்டிருந்தன. இந்நகரில் மான்கள் தெருவிலே திரிவது புதுமையன்று.

நம் கண்ணில் முதலில் பட்டது ஒரு வேப்பமரம். வீட்டின் தென்புறத்தில் கூரைக்கு மேலே உயர்ந்து, கிளை பரப்பி நின்றது. விலை கொடுத்த மூவரில் ஒருவர், "மரத்தை வெட்டினால்தான் ஒன்பது தகடு வைக்கலாம்" என்று சொல்லிப் போயிருக்கிறார். அன்றிலிருந்து தங்கையின் மாமியார் அவருடன் பேசுவதில்லை; மகனுடனும் அளந்துதான் பேசுகிறார்.

நாம் கீழே இறங்கியதும் அவர் நம்மை அழைத்து, "தம்பி, இந்த மரம் நான் கலியாணமாகி வந்த வருஷம் நட்டது. கச்சான் அடிக்கிற காலத்தில் இந்த நிழல் இல்லாவிட்டால் இந்த வீட்டில் மனுஷர் இருக்க ஏலுமா? வெயிலை விற்கிறதுக்கு நிழலை வெட்டுகிறதா?" என்று கேட்டார்.

"மாமி, மரத்தைப் பற்றி நாளைக்குச் சொல்கிறோம்" என்று மட்டும் சொல்லி வைத்தோம்.

அன்றிரவு உணவுக்குப் பின் மேசையில் மூன்று விலைப்பட்டியல்களையும் விரித்தோம். கணக்குக்குப் போகுமுன், இந்தச் சூரியத் தகட்டின் வரலாற்றை மாணவ வாசகர்களுக்காகச் சிறிது சொல்லிவிடுவது நலம்.

ஒளி படுவதால் மின்னோட்டம் உண்டாகலாம் என்பதைப் பிரெஞ்சு விஞ்ஞானி பெக்கரல் 1839 இல் கண்டார். நடைமுறைக்கு உதவும் சிலிக்கன் சூரியக்கலத்தை அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் 1954 இல் செய்து காட்டினர். 1958 இல் வானில் ஏவப்பட்ட வான்கார்ட் என்னும் செயற்கைக்கோள் அத்தகைய கலங்களைச் சுமந்து சென்றது. அக்காலத்தில் அதன் விலை அரசாங்கங்களுக்கே எட்டும். பின்னர் அது ஆண்டுதோறும் இறங்கி, இந்நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வீழ்ந்தது. விண்வெளிக்குப் போன பொருள் உவர்மலைக் கூரைக்கு வந்த கதை இதுதான்.

இலங்கையில் 2016 செப்டெம்பரில் 'சூரியபல சங்ராமய' என்ற பெயரில் கூரைச் சூரியமின் திட்டம் தொடங்கப்பட்டது. வீட்டுக்காரர் மூன்று முறைகளில் ஒன்றைத் தெரிந்தெடுக்கலாம். முதலாவதில், மிகுதியாக உற்பத்தியாகும் மின் அலகுகள் பணமாகாமல் அடுத்த மாதத்துக்குக் கணக்கில் நிற்கும். இரண்டாவதில், வீட்டின் செலவு போக மிஞ்சுவதை மின்சார சபை பணம் கொடுத்து வாங்கும். மூன்றாவதில், உற்பத்தி முழுவதும் விற்கப்படும். வீட்டின் செலவுக்கு வேறு பட்டியல் வரும். நம் மைத்துனர் விரும்பியது இரண்டாவது முறை.

வாங்கும் விலையோ காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. 2016 திட்டத்தில் அலகொன்றுக்கு முதல் ஏழாண்டுக்கு 22 ரூபா, அதன்பின் பதின்மூன்றாண்டுக்கு 15 ரூபா 50 சதம். 2022 இல் ரூபாவின் மதிப்பு டொலருக்கு 200 என்ற அளவிலிருந்து 360 வரை வீழ்ந்தபோது, வெளிநாட்டிலிருந்து வரும் தகடுகளின் விலை எகிறியது; கொள்விலையும் 37 ரூபாவுக்கு உயர்த்தப்பட்டது. பின்னர் தகடுகள் மலிந்தன; 2024 இல் 27 ரூபா ஆயிற்று. 2025 நடுப்பகுதியில், 5 கிலோவாற்று வரையான வீட்டு அமைப்புகளுக்கு 20 ரூபா 90 சதம் என வந்து நின்றது. "போன வருஷம் பூட்டியிருந்தால்" என்று மைத்துனர் பெருமூச்செறிந்தார். கடந்த ஆண்டு விலையை நினைத்து இந்த ஆண்டுக் கணக்கைப் போட முடியாது என்று சொல்லிப் பென்சிலை எடுத்தோம்.

மைத்துனர் தெரிந்தெடுத்திருந்த பட்டியல் 5 கிலோவாற்று அமைப்புக்கு உரியது. விலை 10 இலட்சம் ரூபா. இப்பக்கத்து வெயிலில் ஒரு கிலோவாற்றுத் தகடு ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 4 அலகு தரும் என்று வைத்துக்கொண்டோம். அப்படியாயின் 5 கிலோவாற்று மாதத்துக்கு 600 அலகு. வீட்டின் செலவு 180 அலகு. மீதி 420 அலகை 20.90 ரூபாப்படி விற்றால் 8,778 ரூபா. இதுவரை கட்டி வந்த மின்பட்டியல் ஏறக்குறைய 6,000 ரூபா. சில்லறைக் கட்டணங்கள் எப்படியும் நிற்கும் என்று கருதி, மிச்சமாவது 5,000 என்று மட்டும் எழுதினோம். ஆக, மாத நன்மை 13,778 ரூபா. கையில் 10 இலட்சம் இருந்து பூட்டினால் ஆறாண்டில் முதல் திரும்பிவிடும். ஒப்பந்தம் இருபதாண்டுக்கு. இதைவிட நல்ல வியாபாரம் எங்கே கிடைக்கும்?

மைத்துனரின் முகம் மலர்ந்தது. தங்கை மட்டும், "கையில் 10 இலட்சம் இல்லையே, அண்ணா" என்றாள்.

அவள் சொன்னதுதான் கணக்கின் உயிர்நாடி. 12 வீத வட்டிக்கு ஏழாண்டுக் கடன் என்றால், 10 இலட்சத்துக்கு மாதத் தவணை 17,653 ரூபா. எண்பத்துநான்கு தவணையில் கட்டி முடிக்கும் தொகை 14 இலட்சத்து 83 ஆயிரம் அளவில் வரும். அதாவது, விலைப்பட்டியலில் 10 இலட்சம் என்று எழுதியிருக்கும் பொருள் இவ்வீட்டுக்கு வந்து சேரும் விலை ஏறக்குறைய பதினைந்து இலட்சம். மாத நன்மை 13,778 போக, ஒவ்வொரு மாதமும் 3,875 ரூபா தையற்காசிலிருந்து போக வேண்டும், அதுவும் ஏழாண்டுக்கு. இடையில் யாருக்கேனும் நோய் வந்தாலும், இன்வேர்ட்டர் பழுதுற்றாலும், பிணையாக இருப்பது பிள்ளையின் படிப்பு நகை.

அறையில் சற்று நேரம் பேச்சில்லை. மைத்துனர் மெல்ல, "காசு போனாலும் வெளிச்சம் இருக்குமே, மச்சான்" என்றார்.

அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு நம்மிடமிருந்து மறுநாள் காலையில் அயல்வீட்டு ஆசிரியை ஒருவரிடம் சென்றது. ஓய்வுபெற்ற அவரை அத்தெருவில் எல்லோரும் ரீச்சர் என்றே அழைக்கிறார்கள். 2019 இல், 22 ரூபாத் திட்டத்தில் சோலார் பூட்டியவர் அவர். ஆண்டுகளாக மின்பட்டியல் என்பதையே மறந்திருப்பவர். அவரிடம் போனால் புகழ்ச்சிதான் கேட்போம் என்று எண்ணி மைத்துனர் நம்மை அழைத்துச் சென்றார்.

ரீச்சர் புகழத்தான் செய்தார். ஆனால் இடையிலே ஒரு கதையும் சொன்னார். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொரு மணிக்கு மேல் திடீரென்று நாடு முழுவதும் மின்சாரம் நின்றுவிட்டது. பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததே காரணம் என்று முதலில் சொல்லப்பட்டது.

"எங்கள் வீட்டில் சோலார் இருக்கிறதுதானே என்று நான் கவலைப்படவில்லை. பார்த்தால் காற்றாடி நிற்கிறது, குளிர்சாதனப்பெட்டி நிற்கிறது. வெளியில் வெயில் கொளுத்துகிறது; கூரையில் பத்துத் தகடு. உள்ளே நான் விசிறிமட்டையோடு இருக்கிறேன்" என்று சொல்லி அவர் சிரித்தார்.

மைத்துனர் திகைத்துப் போனார். பற்றரி இல்லாத சாதாரண அமைப்பு மின்சார சபையின் கம்பியில் மின் ஓடும்போது மட்டுமே தானும் ஓடும். கம்பியில் மின் நின்றதும் இன்வேர்ட்டர் தானாக நின்றுவிடும்படி செய்யப்பட்டிருக்கிறது. இது குறையன்று, பாதுகாப்பு. மின் நின்றுவிட்டதென நம்பிக் கம்பத்தில் ஏறிப் பழுதுபார்க்கும் தொழிலாளியை நம் கூரையிலிருந்து பாயும் மின்சாரம் கொன்றுவிடக்கூடும் அன்றோ? மின்வெட்டிலும் விளக்கு எரிய வேண்டுமாயின் பற்றரியும், அதற்கேற்ற வேறுவகை இன்வேர்ட்டரும் வேண்டும். அவை அந்த 10 இலட்சத்துக்குள் அடங்கவில்லை; மூன்று விலைப்பட்டியல்களில் ஒன்றிலேனும் இது எழுதப்பட்டிருக்கவுமில்லை. எந்த இருட்டுக்கு அஞ்சி மைத்துனர் நகையை ஈடுவைக்கத் துணிந்தாரோ, அந்த இருட்டு இந்தச் செலவால் நீங்கப் போவதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதையில் இன்னொரு பாடமும் உண்டு. விடுமுறை நாளில் ஆலைகள் ஓய்ந்திருந்தன. கூரைகள்தோறும் சூரியமின் பெருகி வந்தது. ஆகவே கனமான சுழலிகளைக் கொண்ட பெரிய மின்நிலையங்கள் குறைவாகவே ஓடின. அச்சுழலிகளின் சுழற்சி வேகமே வலையமைப்பு தடுமாறும்போது அதைத் தாங்கிப் பிடிப்பது. அது குறைந்திருந்த வேளையில் சிறிய அதிர்ச்சியும் முழு நாட்டையும் வீழ்த்திவிட்டது என்று மின்சார சபை பின்னர் விளக்கியது. அவ்வாண்டு ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், பகலில் பிற்பகல் மூன்று மணி வரை கூரைச் சூரியமின்னை நிறுத்தி வைக்கும்படி வீட்டுக்காரர்களைச் சபையே கேட்டுக்கொண்டது. நண்பகலில் மலிந்து கிடக்கும் மின்சாரம் மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் தட்டுப்படுகிறது. பற்றரியில் தேக்கி மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை வழங்குவோருக்கு அலகொன்றுக்கு 45 ரூபா 80 சதம் என 2025 இல் அறிவித்ததன் காரணம் இதுவே. நண்பகல் வெயிலுக்கு 20.90, இரவு வெளிச்சத்துக்கு 45.80. இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நாட்டின் மின் நெருக்கடி முழுவதும் விளங்கிவிடும்.

அன்று பிற்பகல் மைத்துனருக்கு மனம் ஆறட்டும் என்று அவரை அழைத்துக்கொண்டு சம்பூர் வரை போய்வரப் புறப்பட்டோம். வீட்டுக் கூரையில் ஐந்து கிலோவாற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நமக்கு, நிலத்தில் இலட்சம் கிலோவாற்றுக்கு மேல் அமைக்கத் திட்டமிட்ட இடத்தையும் பார்க்கும் எண்ணம் இருந்தது.

முன்பெல்லாம் கிண்ணியாவில் பாதைப் படகுக்குக் காத்திருந்து கடக்க வேண்டும். 2009 இல் நீண்ட பாலம் திறக்கப்பட்டது; இப்போது வண்டி நிற்காமலே போகிறது. பாலத்தின் நடுவில் கடற்காற்று முகத்தில் அறைந்தது. மூதூரைக் கடந்து, கொட்டியாரக் குடாவின் கரையை அண்டிச் சம்பூரை அடைந்தோம்.

இவ்வூர் பட்ட துன்பம் சிறிதன்று. 2006 இல் போரின்போது மக்கள் அனைவரும் இடம்பெயர்ந்தனர். ஏறக்குறைய பத்தாண்டுகள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் வாழ்ந்த பின்னரே ஊர் திரும்ப முடிந்தது. அவர்கள் இல்லாத காலத்தில் அந்நிலத்தில் 500 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையம் அமைக்க இலங்கை மின்சார சபையும் இந்தியத் தேசிய அனல்மின் கழகமும் சேர்ந்து கம்பனி ஒன்றை நிறுவின. ஊரவரும் சூழலைக் காப்போரும் எதிர்த்தனர். 2016 இல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. அதே கூட்டு முயற்சி பின்னர் சூரியமின் திட்டமாக மாறியது. 2025 ஏப்ரல் 5 அன்று, இந்தியப் பிரதமர் கொழும்புக்கு வந்திருந்தபோது, 120 மெகாவாற்றுக்கான வேலை தொடக்கி வைக்கப்பட்டது. அன்றைய தினமே நாட்டின் 25 மாவட்டங்களிலும் 5,000 வழிபாட்டு இடங்களின் கூரைகளில் இந்திய உதவியால் அமைந்த சூரியத் தகடுகளும் கையளிக்கப்பட்டன. கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் தேவாலயமும் ஒரே சூரியனிடம் மின்சாரம் வாங்குவது நல்ல காட்சியே.

புகைபோக்கி எழவிருந்த இடத்துக்குச் சூரியத் தகடு வருவது நல்லதுதான். ஆயினும் நிலத்தில் விரிக்கும் தகட்டுக்கு நிலம் வேண்டும். திரும்பும் வழியில் சீனன்குடாப் பக்கத்தில் வண்டி வந்தபோது, மைத்துனர் முத்துநகரைப் பற்றிச் சொன்னார். தாம் உழுது வந்த வயல்களைச் சூரியமின் திட்டங்களுக்காக எடுப்பதை எதிர்த்து அவ்வூர் உழவர்கள் 2025 இல் போராடினார்கள். கேட்டுக்கொண்டு வரும்போது நமக்கு ஓர் எண்ணம் தோன்றியது. வீட்டுக் கூரை யாருடைய வயலையும் கேட்பதில்லை. வெயில் வீணே காய்ந்து போகும் இடம் அது. ஆகவே கூரைச் சோலாரைக் கைவிடும்படி மைத்துனருக்குச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அளவைத்தான் மாற்ற வேண்டும்.

வீடு திரும்பியதும் மறுபடியும் ஏணி வைத்து ஏறினோம். இம்முறை மருமகனும் நூலோடும் அளவு நாடாவோடும் கூட வந்தான்.

திருகோணமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கே சாய்ந்திருப்பதால், தென்புறத்து வேம்பின் நண்பகல் நிழல் கூரையில் விழாது. மார்கழியில்தான் சூரியன் தெற்கே வெகுதூரம் சாயும். "அந்த மாதத்தில் எவ்வளவு நிழல் விழும், கணக்குப் பார்" என்று மருமகனிடம் சொன்னோம். கூரைக்கு மேலே மரம் ஆறு மீற்றர் உயர்ந்திருப்பதாக அளந்துகொண்டு, அவன் கோண கணிதத்தில் விடை கண்டான்: "மாமா, நண்பகலில் நாலு மீற்றருக்கும் குறைவு!" அதுவும் வாடைக்காற்று மழைமேகத்தைக் கொண்டுவரும் பருவம், அப்போது எப்படியும் வெயில் குறைவு.

தொடராக இணைத்த தகடுகளில் ஒன்று நிழலில் விழுந்தால் மற்றவற்றின் வரவும் குன்றும் என்பதால், மரநிழலுக்குள் தகடு வைப்பது அறிவீனம். ஒன்பது தகடு வைப்பதாயின் மரத்துக்கு ஆபத்துத்தான். ஆனால் 2 கிலோவாற்றுக்கு நான்கு தகடுகள் போதும். கூரையின் வடகோடியில் நிழல் எட்டாத இடம் அதற்குத் தாராளமாக இருந்தது.

இரவு மீண்டும் பென்சிலை எடுத்தோம். 2 கிலோவாற்றுக்கு அவர்கள் பெற்றிருந்த விலை 4 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா. மாத உற்பத்தி 240 அலகு. வீட்டின் 180 போக 60 அலகு விற்றால் 1,254 ரூபா. பட்டியலில் மிச்சம் 5,000. மாத நன்மை 6,254. தங்கை சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் 1 இலட்சத்து 50 ஆயிரம் இருந்தது. மீதி 3 இலட்சத்துக்குக் கடன் எடுத்தால், அதே 12 வீதத்தில், தவணை 5,296 ரூபா. நன்மையிலிருந்தே தவணை கட்டி, மாதம் தொளாயிரம் ரூபாவுக்கு மேல் கையில் நிற்கும். அதைத் தனியே போட்டு வைத்தால் பத்துப் பன்னிரண்டு ஆண்டில் இன்வேர்ட்டர் மாற்றும் செலவுக்கு உதவும். இவ்வளவு சிறிய கடனுக்கு நகை வேண்டாம், இருவர் பிணை நின்றால் போதும் என்று வங்கியில் முன்னரே சொல்லியிருந்ததைத் தங்கை நினைவுகூர்ந்தாள்.

பெரிய அமைப்பும் சிறிய அமைப்பும் முதலைத் திருப்புவது ஏறக்குறைய ஒரே காலத்தில்தான். வேறுபாடு ஏழாண்டுத் தவணையில் இருக்கிறது. கூரையின் அகலத்தைப் பார்த்துத் தகடு வாங்கினால் கடன் பெருகும். வீட்டின் செலவைப் பார்த்து வாங்கினால் தகடே கடனை அடைக்கும். வாசகர்களும் தத்தம் வீட்டில் பூட்டுமுன், ஓராண்டு மின்பட்டியல்களை எடுத்து வைத்துக்கொண்டு நான்கு கேள்விகளைக் கேட்கலாம். மாதச் செலவு எத்தனை அலகு? கடன் வட்டியோடு சேர்ந்த விலை எவ்வளவு? மின்வெட்டில் இது வேலை செய்யுமா? தெருவின் மின்மாற்றியில் புதிய இணைப்புக்கு இடம் உண்டா? கடலோரத்தில் இருப்பவர்கள் ஐந்தாவதாக ஒன்றையும் கேட்க வேண்டும்: தகட்டைத் தாங்கும் சட்டமும் ஆணியும் உப்புக்காற்றில் துருப்பிடிக்காதவையா? இக்கேள்விகளுக்குப் பதில் எழுதித் தராத விலைப்பட்டியல், எவ்வளவு மலிவாயினும், முழுமையானதன்று.

"வெளிச்சம்?" என்று மைத்துனர் கேட்டார். அந்த ஒரு சொல்லில் 2022 ஆம் ஆண்டு முழுவதும் இருந்தது. மருமகனின் படிப்பு மேசைக்கு, பகலில் மின்னேற்றி இரவில் எரியும் பற்றரி விளக்கு ஒன்றும் சிறு காற்றாடி ஒன்றும் வாங்கினால் மின்வெட்டைச் சமாளிக்கலாம் என்றோம். அவற்றின் விலையைத் தங்கை மனத்துக்குள் கூட்டிப் பார்த்து, "இரண்டு சட்டைத் தையற்கூலி கூடப் போனாலும் பரவாயில்லை" என்றாள். பெரிய பற்றரி மலியும் நாளில் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு இடங்கொடுக்கும் இன்வேர்ட்டரா என்பதை மட்டும் இப்போதே கேட்டு வாங்க வேண்டும்.

மைத்துனர் நெடுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது தகடுகளோடு அவர் கண்ட கனவு நான்காகச் சுருங்கியதில் வருத்தம் இல்லாமலில்லை. பிறகு எழுந்து, தாயாரின் அறை வாசலில் நின்று, "அம்மா, மரம் நிற்கும்" என்றார். உள்ளேயிருந்து பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் மறுநாள் காலை இடியப்பத்தோடு அவருக்குப் பிடித்த சொதி இருந்தது. மாமியார் தம் கையாலேயே பரிமாறினார்.

நாம் விடைபெற்று வந்து பஸ் ஏறும்போது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. சீனன்குடா மரங்களுக்கிடையே பழைய எண்ணெய்த் தாங்கிகள் சற்றே தென்பட்டு மறைந்தன. எங்கிருந்தோ எண்ணெய் கொண்டுவந்து, எங்கோ போகும் கப்பல்களுக்கு ஊற்றுவதற்காகக் கட்டியவை அவை. உவர்மலையில் ஒரு வீட்டின் நான்கு தகடுகள் அவற்றின் முன்னே கணக்கில் வரக்கூடியவையல்ல. ஆயினும் அந்த வீட்டின் தையல் இயந்திரம் இனித் தன் கூரையிலிருந்தே பகல் முழுவதும் ஓடும். தங்கையின் நகையும் பெட்டியிலேயே இருக்கும். நாம் போய்வந்த செலவுக்கு அதுவே போதும்.